கொடுத்தால் குறையுமா?

(இம்மாதப் பாடம்: எலும்பு மஜ்ஜை தானம்)



இரத்தப் புற்றுநோய் கண்ட வாலிபனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னவுடன், வீட்டில் எல்லாருடைய கண்ணும் கூடப்பிறந்தவர்கள் மேல் திரும்புகிறது. தங்கையின் மஜ்ஜை பொருந்திவிட்டால் பெற்றோருக்குச் சந்தோஷம், பாட்டிக்கோ பயம். “வயசுப் பெண்ணாச்சே! முதுகெலும்பில் கைவைத்தால் நாளைக்குப் பிள்ளை பெறுவாளா?” மேற்கு மாம்பலத்துப் படித்த குடும்பங்களிலும் கேட்கும் கேள்வி இது. ஏளனம் செய்யாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

1. வழி திறந்த விதம்

அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ், மஜ்ஜையை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்திய முதல் முயற்சிகளை 1957-ல் வெளியிட்டார். அந்த நோயாளிகள் நெடுநாள் பிழைக்கவில்லை. ஆனாலும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1990-ல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1983-ல் இச்சிகிச்சையைத் தொடங்கியது. நமக்கு அருகில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் மாம்மன் சாண்டி 1986-ல் தொடங்கினார். தலசீமியா பிள்ளைகளும் இரத்தப் புற்றுநோயாளிகளும் வெளிநாடு போகாமலே சிகிச்சை பெற வழி பிறந்தது. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2. பொருத்தம்

கூடப்பிறந்த ஒருவருடைய மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஐந்து பேர் கூடப்பிறந்திருந்தால், ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 76. இன்று வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். ஆகவே பாதி பொருந்தும் பெற்றோரிடமிருந்து எடுக்கும் முறையும் வந்துள்ளது. முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்க முன்வருவோரின் பதிவேடும் உண்டு. சென்னையில் ‘தாத்ரி’ 2009-ல் தொடங்கப்பட்டது.

3. கொடுப்பவருக்கு நடப்பது என்ன?

முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜை எடுப்பது ஒரு முறை. நாலைந்து நாள் ஊசி போட்டு, ஸ்டெம் செல்களை இரத்தத்திற்கு வரச்செய்து, கை நரம்பு வழியாக ஒரு இயந்திரத்தில் பிரித்தெடுப்பது மற்றொரு முறை. இரண்டாவதே இன்று அதிகம். எலும்பு வலி, தலைவலி, களைப்பு சில நாள் இருக்கலாம். கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். பிள்ளைப்பேற்றுக்குத் தடையில்லை.

அண்ணன் சரீரத்திலோ தங்கையின் செல்கள் வேர்பிடித்து, புது இரத்தம் உண்டாக்கும். இருவரின் இரத்தப் பிரிவு வேறானால், அவனுடைய பிரிவும் தங்கையினுடையதாக மாறிவிடும்! ஆயினும் எல்லாருக்கும் வெற்றி நிச்சயமில்லை. புது செல்களே நோயாளியின் தோலையும் குடலையும் தாக்குவதுண்டு. நோய் திரும்புவதும் உண்டு.

4. அவளைக் கேட்டீர்களா?

நோயாளிக்கு முதலில் கடும் மருந்து கொடுத்து, அவருடைய சொந்த மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பின் கொடுப்பவர் பின்வாங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆகையால், பயமோ தயக்கமோ இருந்தால் அதற்கு முன்பே பேசித் தீர்த்தாக வேண்டும். வார்டில் எல்லாரும் அண்ணனின் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். தங்கை மூலையில் உட்கார்ந்திருப்பாள், “உனக்குச் சம்மதமா, அம்மா?” என்று கேட்பாரில்லை. “நீ கொடுக்காவிட்டால் அவன் செத்துப்போவான்” என்று சொல்வது கேட்பதாகாது. தனியே உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி, அவள் வாயாலே பதில் வர இடங்கொடுக்க வேண்டும். சிகிச்சை பலிக்காமற்போனாலும் குற்றம் அவளுடையதல்ல என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

சாறிபாத் விதவையின் பானையை நாம் அறிவோம். மா குறையவில்லை என்பதை நினைக்கிறோம். தீர்க்கதரிசி அவளைக் கேட்டுத்தான் பெற்றார் என்பதை மறந்துவிடுகிறோம்.

சிந்திக்க:

1. நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால், அவருக்காகக் கொடுப்பவரை யார் விசாரிக்கிறார்கள்?
2. நம் வீட்டில் 18 முதல் 50 வயதுக்குட்பட்டோர், கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாமே?