மூன்று அடுக்குத் தேவாலயம்

கேள்வி: ரோம் போகிறோம். வத்திக்கானைத் தவிர, கட்டாயம் பார்க்க வேண்டிய பழைய தேவாலயம் எது?

பதில்: சான் கிளெமெந்தே. கொலோசியத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தெரு மட்டத்தில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதன் அடியில் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதற்கும் கீழே ரோமானியக் கட்டடங்கள். மித்ராவை வழிபட்ட இருண்ட அறையும் அங்கேதான். 1857-இல் ஜோசப் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கிய பிறகே இவை வெளிச்சத்துக்கு வந்தன.

நடு அடுக்கில் சிசின்னியுஸ் சுவரோவியத்தைத் தேடிப் பாருங்கள். புனித கிளெமெந்தை இழுத்துப்போவதாக நினைத்துக்கொண்டு வேலையாட்கள் ஒரு கல்தூணை இழுக்கிறார்கள். எசமான் சிசின்னியுஸ் அவர்களைத் திட்டும் வசவு, தெருவில் பேசிய மொழியிலேயே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது! புனிதரின் பேச்சு மட்டும் லத்தீனில். இத்தாலிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இதுவும் ஒன்று. எனக்கு இந்தச் சுவர் ஒன்றே போதும்.

மேல்தளத்தில், பீடத்தின் மேலுள்ள அரைக்கோள விதானம் முழுக்கப் பொன் மொசைக். சிலுவையில் 12 வெண்புறாக்கள். அடியிலிருந்து சுருள் சுருளாய்ப் படரும் கொடி. அதன் கீழ்ப்பகுதியில் கோழிக்குத் தீனி போடும் பெண்ணைத் தவறவிடாதீர்கள். நிலவறைகளுக்குத்தான் நுழைவுச்சீட்டு, மேலே கட்டணமில்லை.