அந்தமானில் அமைதி தேடுவோருக்கு

பிள்ளைகளே, அந்தமானுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம், கடலையே பார்க்க முடியலை" என்பார் ஒருவர். அதே வாரம் அதே தீவில் இருந்த இன்னொருவர், "நாலு நாளும் நானும் கடலும்தான்" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே போய் வருகிறவன் என்ற முறையில், முதல் தடவை கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. அறையைத் தேடும் முன் படகு நேரத்தைப் பாருங்கள். தீவில் கூட்டம் படகோடு வந்து படகோடு போகிறது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். ஊர் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் பழக்கம். இரண்டிலும் காலைப் படகு வந்ததும் படகுத்துறையை, அதாவது ஜெட்டியைச் சுற்றி இரைச்சல் ஆரம்பிக்கும். மாலைப் படகு கிளம்பியதும் தீவு பழையபடி ஆகிவிடும். நம்மவர்கள் ஒரு தீவுக்கு ஒரு ராத்திரி என்று திட்டம் போட்டு, அந்தப் படகுக் கூட்டத்தோடேயே இங்கும் அங்கும் அலைகிறார்கள். ஒரே தீவில் நாலு ராத்திரி தங்குங்கள். மூன்றாவது நாள் டீக்கடைக்காரர் உங்களைக் கேட்காமலேயே டீ போட ஆரம்பிப்பார்.

2. கடலின் ஏற்றமும் வற்றமும் தெரியாமல் கடற்கரை அறை எடுக்காதீர்கள். புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் விஜய்நகர் இருக்கிறது. ஊரார் அதை ஐந்தாம் நம்பர் பீச் என்பார்கள். வற்றத்தில் அங்கே கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும். விளம்பரப் படத்தில் இருப்பது ஏற்றத்தில் எடுத்த நீலத் தண்ணீர். வந்து பார்த்தவர்கள் "கடல் எங்கே?" என்று கோபப்பட்டு, மேற்கே ராதாநகருக்கு ஓடிவிடுவார்கள். 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதே, அதுதான் ராதாநகர். அந்தி சாயும் நேரத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

என் கணக்கு வேறு. எந்தக் கரையில் பாதி நாள் தண்ணீர் இல்லையோ, அந்தக் கரையில் கூட்டமும் இல்லை. ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அன்றைய நேரத்தை ஜெட்டியிலோ டைவிங் கடையிலோ கேட்டுக்கொண்டு அப்போது குளியுங்கள். மற்ற நேரம் கடல் மஹுவா மர நிழலில் படுத்துக் கிடக்கலாம். ராதாநகரையும் விட வேண்டாம், காலை 6 மணிக்குப் போங்கள். அந்தமானில் 5 மணி வாக்கில் வெளுக்கத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து வந்தவர்கள் எழுந்து பல் விளக்குவதற்குள் உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும்.

3. நீல் தீவில் பரத்பூர் கரை ஜெட்டியை ஒட்டியே இருக்கிறது. கண்ணாடிப் படகு, நீர் விளையாட்டு எல்லாம் அங்கேதான், கூட்டமும் அங்கேதான். தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் சீதாபூர் பக்கம் தங்குங்கள். வழியெல்லாம் காய்கறி வயலும் வாழையும் பாக்கும். சைக்கிள் போதும்.

4. டிசம்பர் கடைசியையும், அக்டோபரில் வங்காளிகளின் துர்கா பூஜை விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். அரசு ஊழியர்களுக்கான எல்.டி.சி. பயணச் சலுகையில் குடும்பம் குடும்பமாக வருபவர்களும் பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் வருவார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய கடல் அடங்கியிருக்கும், அறையும் கிடைக்கும். மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேயர் வந்து சேருங்கள். இப்போது அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.

5. முன்பணம் அனுப்பும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, மொத்தம் எத்தனை அறை, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா. ஒரு விடுதியில் எனக்குக் கொடுத்த குடிலின் பின்சுவரை ஒட்டியே ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். மின்சாரம் போன மூன்று ராத்திரியும் அலை ஓசையே காதில் விழவில்லை. பத்து அறைக்குள் இருக்கும், குடும்பமாக நடத்தும் இடம் நல்லது. போர்ட் பிளேயரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அங்கே அபர்தீன் பஜாரில் தமிழிலேயே கேட்டு விசாரித்துவிட்டுப் போகலாம்.

6. இன்னும் தள்ளிப் போக ஆசையா? ரங்கத் பக்கம் லாங் ஐலண்ட் இருக்கிறது. அங்கே லாலாஜி பே என்ற கரைக்குக் காட்டு வழியாக நடந்தோ சிறு படகிலோதான் போக வேண்டும். போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு அப்பால் திக்லிப்பூர், தெற்கே லிட்டில் அந்தமான். இங்கெல்லாம் போய் வரும் பயணமே இரண்டு நாளைத் தின்றுவிடும். மருத்துவ வசதியும் குறைவு. ஒரு வாரத்துக்குக் குறைந்த விடுமுறை என்றால் வேண்டாம். வயதான பெற்றோரோடு போகிறீர்கள் என்றாலும் வேண்டாம்.

7. ஆளில்லாத கரை எல்லாம் குளிக்கும் கரை அல்ல. சதுப்புநிலக் காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடைகளை அங்கே 'நாலா' என்பார்கள். உப்புநீர் முதலை வாழும் இடம் அது. 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு பயணி முதலைக்குப் பலியானார். பலகை வைத்திருந்தால் படியுங்கள், பலகை இல்லாவிட்டால் உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். இதில் தைரியம் காட்ட வேண்டாம்.

8. அமைதி தேடுகிறோம் என்று பழங்குடிகளின் காப்புக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். திக்லிப்பூர் போகும் சாலை ஜரவா பழங்குடிகளின் காட்டின் வழியாகப் போகிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். நிக்கோபார் தீவுகளில் பெரும்பாலானவை சுற்றுலாவுக்கே திறந்தவை அல்ல.

9. நீங்கள் தேடிப் போகும் அமைதி அங்கே குடியிருப்பவர்களுடையது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்து, காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பங்கள். சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் தூங்குகிறவர்கள். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சங்கையும் பவளத்தையும் பொறுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. திக்லிப்பூருக்குப் பக்கத்தில் கலிப்பூர் கரையில் குளிர்கால ராத்திரிகளில் கடலாமைகள் முட்டையிட ஏறி வரும். பார்க்கப் போனால் வனத்துறைக்காரரோடு போங்கள். டார்ச்சு அடிக்காதீர்கள், போன் வெளிச்சமும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.