வண்டி ஆயில் குடிக்குதா? கணக்கு எழுதிப் பாருங்க!



எங்கள் குழு கடன் வாங்கி ஒரு பழைய லோடு வண்டி எடுத்தது. தோவாளைச் சந்தையிலிருந்து பூ மூட்டை ஏற்றி தக்கலை, மார்த்தாண்டம் வரை போகும். ஓணம் நெருங்கும் நேரம். பூவுக்கு நல்ல ஓட்டம், வண்டிக்கும் நல்ல ஓட்டம். அப்போது பார்த்து எஞ்சின் ஆயில் குறைய ஆரம்பித்தது. மூணு நாளைக்கு ஒருக்கா அரை லிட்டர் ஊற்ற வேண்டி வந்தது.

மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று வந்தது. "ரிங் போச்சு அக்கா. எஞ்சினை இறக்கணும், முப்பதாயிரம் ஆகும்" என்றார். கடனில் இன்னும் 11 தவணை பாக்கி. கூட்டத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை. கடைசியில் எங்கள் ஊக்குநர் அக்கா கேட்டார்: "ஆயில் குறையுதுன்னா அது எங்கயாவது போகணும்லா? எங்க போகுதுன்னு பாத்தாச்சா?"

அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

ஆயில் போகும் வழி மூன்று

1. வெளியே ஒழுகலாம்.
2. எஞ்சினுக்குள் டீசலோடு அல்லது பெட்ரோலோடு சேர்ந்து எரியலாம்.
3. ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கலாம்.

எந்த வழி என்று தெரியாமல் பணத்தை எடுக்கக் கூடாது.

முதலில் நோட்டுப் புத்தகம்

சேமிப்புக்கும் கடனுக்கும் கணக்கு எழுதுகிற நமக்கு இது புதுசு இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிஷம் கழித்து ஆயில் ஸ்டிக்கை எடுங்கள். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. கூடின ஆயிலும் வெளியே தள்ளும், புகையும்.

தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் எழுதுங்கள். எங்கள் கணக்கில் 6 நாளில் 540 கிலோமீட்டர் ஓடி, 1 லிட்டர் ஆயில் போயிருந்தது. பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் எடுப்பது வழக்கம்தான். ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் போனாலே கவனிக்க வேண்டும். எங்களுக்கு அதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போனது.

வெளியே ஒழுகுதா?

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு தெரியும். ஆனால் ஓட்டு வீடு ஒழுகுவது போலத்தான் இதுவும். சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் இன்னொன்று. ஆயில் மேலேயிருந்து வழிந்து வரும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் எஞ்சினின் வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அங்கே தேட வேண்டும். டாப்பெட் கவர் கேஸ்கெட், ஆயில் பில்டர், அடியில் உள்ள டிரெயின் போல்ட்டின் வாஷர், கிராங்க் சீல் இவைதான் வழக்கமாக ஒழுகும் இடங்கள்.

உள்ளே எரியுதா?

சைலன்சர் புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அது வேறு கோளாறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்து சீக்கிரம் நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். பாரம் ஏற்றி ஏத்தம் ஏறும்போது நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இதை உறுதி செய்ய கம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள்.

ஒரு விஷயம்: பழைய எக்ஸ்.எல். சூப்பர் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்றுகிறோம். அதில் கொஞ்சம் நீலப் புகை வருவது இயல்பு. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 போர் ஸ்ட்ரோக், அதில் நீலப் புகை வரக் கூடாது.

தண்ணீரில் கலக்குதா?

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் ஸ்டிக்கில் பால் காப்பி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

எங்கள் வண்டிக்கு என்ன ஆச்சு?

நீலப் புகை இல்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தது. அட்டையில் மட்டும் சொட்டு. பவுடர் போட்டுப் பார்த்ததில் டாப்பெட் கவர் ஓரம் நனைந்திருந்தது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். அவர் பிரீதர் குழாயைக் கழற்றினார். உள்ளே கறுப்புக் கசடு அடைத்திருந்தது.

எந்த எஞ்சினிலும் ரிங் ஓரமாகக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும். அது வெளியேறும் வழிதான் பிரீதர். சோற்றுப் பானையை இறுக்கி மூடினால் கஞ்சி ஓரமாகப் பொங்கி வழியும் அல்லவா? அதே மாதிரி, பிரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் கேஸ்கெட் வழியாக வெளியே வரும். மூடியைத் திறந்ததும் வந்த 'புஸ்' அதுதான். கம்ப்ரஷனும் அளந்தார், எல்லா சிலிண்டரிலும் சரியாக இருந்தது. குழாயைச் சுத்தம் செய்து, கேஸ்கெட் மாற்றினோம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஓணம் ஓட்டமும் தப்பியது.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்லவில்லை. ரிங் தேய்ந்தது உண்மையென்றால் வேலை பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்போது இரண்டு இடத்தில் மதிப்பீடு எழுதி வாங்கி, வண்டியின் இன்றைய விலையோடு ஒப்பிட்டு, கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.

கவனம்!

• ஆயில் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும். எரிந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். ஆயில் இல்லாமல் ஓடினால் எஞ்சின் பிடித்துவிடும்.
• எஞ்சின் ஓடும்போது குனிந்து பார்த்தால் சேலை முந்தி, துப்பட்டா, முடி எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள். பேன் பெல்ட் இழுத்துவிடும்.
• ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வண்டியின் ஆயில் ஸ்டிக்கைக் கடைசியாக யார், எப்போது பார்த்தது?
2. ஆயில் கணக்கு நோட்டை யார் எழுதுவது?
3. பெரிய செலவு என்று மெக்கானிக் சொன்னால், நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?