ஒரு பெரிய டிஸ்க்கா, இரண்டு சின்ன டிஸ்க்கா?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். சொந்தக்காரர்கள், நண்பர்கள், தெருவில் இருக்கும் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் என்று பலருக்கும் பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "அதில் எதை வைக்கப் போகிறீர்கள்? நாளைக் காலையில் அது திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" இதற்குப் பதில் வந்துவிட்டால், எதை வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.

கம்பெனிப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மாக்ஸ்டரை 2006இலும் சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2011இலும் சீகேட் வாங்கிக்கொண்டது. ஹிட்டாச்சியின் பிரிவு 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன் சேமிப்பு மையங்களில் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எது எப்போது செத்தது என்ற கணக்கை 2013இலிருந்து வைத்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு டிஸ்க்குகள் போகின்றன. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் நன்றாக உழைக்கிறது, இன்னொன்று சீக்கிரம் படுத்துவிடுகிறது. ஆக, பெயரைப் பார்த்து நிம்மதி அடைய வழியில்லை. எந்த டிஸ்க்கும் ஒருநாள் போகும் என்று வைத்துக்கொண்டுதான் பணத்தைப் பிரிக்க வேண்டும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இருந்தால், 2 டிபி இரண்டாக வாங்குங்கள் என்பதே என் முதல் யோசனை. ஒன்று கம்ப்யூட்டருக்குள். மற்றது வெளியே, நகல் எடுத்து வைக்க. இப்படி வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். மோட்டார், பெட்டி, சர்க்யூட் போர்டு எல்லாம் சின்ன டிஸ்க்கிலும் உண்டு என்பதால் கொள்ளளவு பாதியானாலும் விலை பாதியாவதில்லை. இதே காரணத்தால், 1 டிபி வாங்க நினைப்பவர் 2 டிபி விலையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. அது பெரும்பாலும் இருமடங்கு இருக்காது. 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

விண்டோஸை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் போடாதீர்கள். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய சினிமா ஃபைல் ஒன்றைத் தொடர்ந்து படிக்கும்போது நொடிக்கு 150, 200 எம்பி வேகம் காட்டும் அதே டிஸ்க், விண்டோஸ் கேட்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைத் தேடி அலையும்போது திணறிவிடும். மெமரி சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. 256 அல்லது 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், பழைய கம்ப்யூட்டர்கூடப் புதிது மாதிரி எழுந்துகொள்ளும்.

எஸ்எஸ்டியில் எழுத எழுத அது தேய்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதன் விவரக் குறிப்பில், மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்பதைச் சொல்லும் டிபிடபிள்யூ என்று ஓர் எண் இருக்கும். உதாரணமாக அது 300 என்றால், தினமும் 20 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட 40 வருடம் ஆகும். வீட்டு உபயோகத்துக்குத் தேய்மானம் ஒரு பிரச்சினையே இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமில்லாமல், முன்னறிவிப்பில்லாமல் போகும். மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால், அதில் உள்ளது அழியவும் வாய்ப்புண்டு. குழந்தையின் பிறந்தநாள் படங்களைப் பத்திரப்படுத்த இன்றைக்கும் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு, பொருத்தமும் அதுதான்.

லேபிளில் இல்லாத விஷயம்

ஹார்ட் டிஸ்க்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் கூரை ஓடுகளைப் போல ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறியிருக்கும். இடையில் ஓர் இடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதையொட்டிய தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அதனால் அடிக்கடி எழுதி அழிக்கும் வேலைக்கு எஸ்எம்ஆர் மிகவும் மெதுவாகிவிடும். ஒருமுறை எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களுக்கு அதுவே போதும், விலையும் குறைவு. எந்த மாடல் எது என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று 2020இல் பெரிய சர்ச்சை எழுந்த பிறகு, மூன்று நிறுவனங்களும் பட்டியல் வெளியிட்டன. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கடையில்

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் மூன்று விஷயங்களில் கூச்சப்பட வேண்டாம். "அண்ணே, சீரியல் நம்பரைப் பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். அங்கேயே நின்று, அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இந்தியாவுக்கு வாரண்டி இல்லை என்றோ, கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாகப் போன சரக்கு என்றோ வந்தால் வாங்காதீர்கள். மூன்றாவது, வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டு, விலையை அந்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். இரண்டு வருட வாரண்டி உள்ள டிஸ்க்கைவிட ஐந்து வருட வாரண்டி உள்ளது பல சமயம் மலிவாகவே இருக்கும். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: வாரண்டியில் புது டிஸ்க்தான் கிடைக்கும், பழைய டிஸ்க்கில் இருந்த படங்கள் கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதியதென்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் ஓடிய டிஸ்க்கின் இந்தக் கணக்கை அழித்துவிட்டுப் புதியது என்று விற்ற விவகாரம் 2025இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அதனால் ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு சோதனையும் செய்துவிடுவேன். குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு, முழு ஃபார்மட் கொடுப்பேன். அது டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். கோளாறான டிஸ்க் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, மாற்றித் தரச் சொல்லும் நாட்களுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 16 டிபி என்று வரும் கையடக்க டிஸ்க்குகளின் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டுதான். பெரிய எண்ணைக் காட்டும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்தால்

கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "தம்பி, ஃபோல்டர் திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது" என்று டிஸ்க்கைக் கொண்டுவந்தார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5 என்ற இரண்டு வரிகள் மஞ்சளாக இருந்தன. 05 என்பது, கெட்டுப்போனதால் டிஸ்க் தானே மாற்று இடம் ஒதுக்கிக்கொண்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள். அதற்கு முன்பே யாரோ அவரை, "டிஸ்க் செக் போடுங்க சார், சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்லவேளை, அவர் போடவில்லை. அந்த நிலையில் செக், டீஃப்ராக் எதையும் ஓட்டக் கூடாது. கெட்ட இடத்தையே முள் திரும்பத் திரும்பத் தடவி, மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடும். இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணங்கள் எவை என்று கேட்டு, அவற்றை முதலில் நகல் எடுத்தோம். ராத்திரி முழுக்க ஓடியது, பெரும்பகுதி கிடைத்தது. கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்திருந்தால் உடனே கரண்டை நிறுத்திவிட்டு மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும். அங்கே ஆகும் செலவில் பல டிஸ்க்குகள் வாங்கலாம்.

சி7 என்ற வரி மட்டும் ஏறினால் பயம் வேண்டாம். அநேகமாக சாட்டா கேபிள்தான் கோளாறு, மாற்றினால் போதும். அடிக்கடி கரண்ட் போகும் வீட்டில், எழுதிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்து ஃபைல்கள் சிதையும். சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம்.

கை இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில், இருக்கும் டிஸ்க்கில் உள்ளதை நகல் எடுக்க ஒரு வெளி டிஸ்க். அடுத்து, விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி. உள்ளே போடும் பெரிய டிஸ்க் கடைசியாக வரட்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, நகலுக்குப் பணமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். நகல் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள். வைரஸ் வந்தாலும் மின்னல் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்து போகும். மாதம் ஒருமுறை செருகி, புதியதை நகல் எடுத்து, அந்த நகலிலிருந்தே நாலு படத்தைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால் உங்களிடம் நகல் இருக்கிறது.