பல லினக்ஸ் விநியோகங்களில் ஒரே விளையாட்டு: ‘0 ஏ.டி.’யை நிறுவும் முறை

கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் பூஜ்ய ஆண்டு என ஒன்று கிடையாது. கி.மு. 1-ஐ அடுத்து கி.பி. 1 வந்துவிடுகிறது. இல்லாத அவ்வாண்டின் பெயரைத் தாங்கி நிற்பதே ‘0 ஏ.டி.’ என்னும் கணினி விளையாட்டு. 2001-ஆம் ஆண்டில் வேறொரு வியாபார விளையாட்டின் திருத்தமாக எண்ணப்பட்ட இது, பின்னர் தனி ஆக்கமாக வளர்ந்தது. 2009-இல் இதன் மூல நிரல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. உரோமர், பாரசீகர், கார்த்தேஜியர் ஆகியோருடன் நம் நாட்டு மௌரியரும் இதில் இடம் பெறுகின்றனர். ஒரே ஆட்டத்தில் எட்டுப் பேர் வரை, வெவ்வேறு கணினிகளிலிருந்து கலந்துகொள்ளலாம். இதற்கு விலை ஏதுமில்லை.

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கணினியின் உட்கரு நிரலுக்கு மட்டுமே உரிய பெயராகும். அக்கருவுடன் வேண்டிய பிற மென்பொருள்களைச் சேர்த்து, முழு இயங்குதளமாக்கி வழங்குவது ‘விநியோகம்’ எனப்படுகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச், ஓபன்சூசே என்பன அவற்றுள் சில. ஒவ்வொன்றும் தனக்கெனப் பொதிக் களஞ்சியம் ஒன்றைப் பேணி வருகிறது. விளையாட்டொன்றை நிறுவ வேண்டுமாயின் வலைத்தளங்களில் அலைந்து கோப்புகளைத் திரட்டுதல் அவசியமன்று. களஞ்சியத்தைக் கேட்டால் போதும். ஒலிக்கும் ஓவியத்திற்கும் வேண்டிய துணை நூலகங்களைப் பொதி மேலாளரே கண்டறிந்து உடன் கொணர்ந்துவிடும்.

மேற்கூறிய ஐந்திலும் பொதியின் பெயர் ‘0ஏடி’ என்பதே. ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றித் தட்டச்சிட வேண்டும். ஏவும் கட்டளைதான் வேறுபடும். டெபியனிலும் உபுண்டுவிலும் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்றும், ஃபெடோராவில் ‘சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால்’ என்றும், ஓபன்சூசேயில் ‘சூடோ ஸிப்பர் இன்ஸ்டால்’ என்றும் எழுதிப் பின்னால் பொதிப் பெயரைச் சேர்க்க வேண்டும். ஆர்ச்சில் ‘சூடோ பேக்மேன் -எஸ்ஒய்யு’ என்று தொடங்குதல் நலம். முழு அமைப்பையும் புதுப்பிக்காமல் ஒரு பொதியை மட்டும் புதிதாகச் சேர்ப்பது அங்கு விரும்பத்தக்கதன்று. டெபியனை நிறுவுகையில் நிர்வாகிக்கெனத் தனிக் கடவுச்சொல் கொடுத்தவர்களுக்கு ‘சூடோ’ உடனே பயன்படாது. அவர்கள் ‘எஸ்யு’ கட்டளையால் நிர்வாகியாக நுழைந்து நிறுவிக்கொள்ளலாம். படங்களும் ஒலிகளும் அடங்கிய தரவுப் பொதி மிகப் பெரியது. ஆகவே அளவிட்டுக் கட்டணம் வாங்கும் இணைப்புடையோர் பதிவிறக்கு முன் கட்டளை காட்டும் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதுவரை கூறியது எளிய பகுதி. தனித்து விளையாடுவோர்க்கு இது போதும். சேர்ந்து விளையாட முற்படும்போதுதான் சங்கடம் தோன்றுகிறது.

அண்ணன் உபுண்டு 22.04 வைத்திருக்கிறான், தங்கை டெபியன் 12 வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். இருவரும் முறைப்படி நிறுவினர். இருவர் கணினியிலும் விளையாட்டு நன்றாகவே ஓடுகிறது. ஆயினும் ஒருவர் ஆட்டத்தில் மற்றவர் நுழைய இயலவில்லை. காரணம் யாதெனில், உபுண்டுவின் அக்களஞ்சியத்தில் உள்ளது 25-ஆம் ஆல்ஃபா வெளியீடு. டெபியன் 12-இல் உள்ளது 26-ஆம் வெளியீடு. ஓர் எண் வேறுபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கத் தோன்றும். இவ்விளையாட்டு இயங்கும் விதத்தை அறிந்தால் விடை விளங்கும்.

ஆயிரக்கணக்கான வீரர்கள் நிற்கும் இடங்களையெல்லாம் ஒரு கணினி மற்றொன்றுக்கு இடையறாது அனுப்புவதாயின் இணைப்புத் தாங்காது. எனவே ஆட்டக்காரர் இடும் கட்டளைகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. ‘இப்படை அவ்விடம் செல்க’ என்ற ஒரே செய்தி எல்லாக் கணினிகளுக்கும் எட்டுகிறது. ஒவ்வொன்றும் முழுப் போரையும் தானே கணித்துக்கொள்கிறது. விடை எங்கும் அணுவளவும் பிசகாமல் ஒன்றாக இருந்தாக வேண்டும். தசமப் பின்னங்களை வெவ்வேறு செயலிகள் சிறிது வேறுபட முழுமையாக்கக் கூடும் என்பதால், போர்க் கணிப்புக்கு மிதவைப்புள்ளி எண்களை விலக்கி நிலைப்புள்ளி எண்களையே கையாளுகின்றனர். அவ்வப்போது ஆட்ட நிலையின் சுருக்கக் குறியீடு ஒன்று கணக்கிடப்பட்டு ஒப்பு நோக்கப்படுகிறது. அது பொருந்தாவிடில் ஒத்திசைவு குலைந்ததென அறிவிப்பு வரும். குதிரை வீரனின் வேகம் ஒரு வெளியீட்டில் சிறிது மாற்றப்பட்டிருந்தாலும், சில நிமிடங்களில் அண்ணன் காணும் போர் ஒன்றாகவும் தங்கை காணும் போர் வேறாகவும் ஆகிவிடும். அதனாலேயே வெளியீடு வேறானவர்களை விளையாட்டு வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆட்ட விதிகளை மாற்றும் துணைத் திருத்தங்களும் இருபுறமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

விநியோகத்தின் இயல்பு இங்குதான் குறுக்கிடுகிறது. டெபியனின் நிலைப்பதிப்பு, வெளிவந்த பின் பிழை திருத்தங்களை மட்டுமே ஏற்கும். ஆர்ச்சோ புதியன வரவர மாறிக்கொண்டே செல்லும். இது குறையன்று, அலுவலகக் கணினிக்கு முன்னதே சிறந்தது. ஆனால் ‘அக்னி’ எனப் பெயரிடப்பட்ட 27-ஆம் வெளியீடு 2025 ஜனவரியில் வந்தபோது, ஆர்ச் பயனருக்கும் பழைய நிலைப்பதிப்பினருக்கும் இடையே ஆட்டத் தொடர்பு அறுந்துபோவது தவிர்க்க இயலாததாயிற்று.

எமது கருத்தில் சிறந்த பரிகாரம் ‘ஃப்ளாட்பேக்’ முறையே. விநியோகம் எதுவாயினும் ‘ஃப்ளாட்ஹப்’ களஞ்சியத்திலிருந்து ஒரே பொதியை இருவரும் பெறலாம். துணை நூலகங்களையும் அது தன்னுடனே கொணர்வதால் வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும். இதன் கோப்புறை தனியானது. முன்னர் சேர்த்த திருத்தங்கள் இதில் தாமே தோன்றா. மூல நிரலிலிருந்து தொகுத்துக்கொள்ளவும் வழியுண்டு. எனினும் அது பொழுதும் பொறுமையும் உடையோர்க்கே உரியது.

வெளியீடுகள் ஒன்றான பின்னும் இணைப்புக் கிட்டாவிடில் தீயரணை நோக்க வேண்டும். ஆட்டத்தை நடத்துபவரின் கணினியில் 20595 என்னும் யூடிபி வாயில் திறந்திருத்தல் அவசியம். உபுண்டுவில் தீயரண் சாதாரணமாக முடக்கப்பட்டே இருக்கும். ஓபன்சூசேயில் அது இயங்கிக்கொண்டிருப்பதால் அவ்வாயிலை நாமே அனுமதிக்க நேரும். ஒரே வீட்டு வலையமைப்பில் உள்ளோர் நடத்துபவரின் ஐபி முகவரியைக் கொடுத்து நேரே சேரலாம். வெளியூரில் உள்ளோர் விளையாட்டிலேயே அமைந்துள்ள பொதுக் கூடத்தில் கணக்கொன்று தொடங்கி அங்கே சந்திப்பது சௌகரியம். முதன்மைப் பட்டியலின் திரையில் வெளியீட்டு எண் காணப்படும். அதை ஒருவருக்கொருவர் முன்னதாகவே தொலைபேசியில் படித்துக் காட்டினால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சும்.