கண் நமைச்சலும் சொட்டு மருந்தும்

கம்மாபுரம் வட்டாரத்தில் நெல் அறுவடைக் காலத்தில் களத்துத் தூசியால் கண் சிவந்து நமைச்சல் காண்பதுண்டு. ஒவ்வாத தூசி பட்டதும் உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்னும் பொருளே இதற்குக் காரணம். அதனைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழிகண்ட டேனியல் போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வகையில் பழைய குளோர்பெனிரமின் மாத்திரை தூக்கம் தரும். விழுங்கிவிட்டுக் கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்றலாகாது, தறியில் அமர்வதும் தகாது. கண்ணுக்கு மட்டுமெனில் ஒலோபடடின் போன்ற சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார்.

நாம் அஞ்சுவது, அண்டை வீட்டார் மிச்சம் வைத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தையே. நமைச்சல் உடனே அடங்கும். மாதக்கணக்கில் விட்டாலோ கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடக்கூடும். நெற்சுணை கீறிய கண்ணில் பூஞ்சைப் புண்ணை அது வளர்த்துவிடும். வலியோ பார்வை மங்கலோ கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்க.