பூச்சி வரட்டும், காய் வரும்

மாடியிலும் கொல்லையிலும் புதிதாகச் செடி வைத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்விகள். “பூ நிறையப் பூக்குது, காய் பிடிக்கலையே?” என்பது ஒன்று. “பூச்சி வந்துடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?” என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அவசரப்பட்டு விடை தேடுகிற வீட்டில்தான் முதலாவது பிறக்கிறது. நான் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

1. மருந்தைத் தொடுமுன் உட்கார்ந்து பாருங்கள்.

காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் ஒருநாள் செடிகளுக்கு நடுவே அசையாமல் உட்காருங்கள். தேனீ என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருப்பீர்கள். உயரமான மரத்திலும் கட்டடத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ, புதர்க்கிளையில் உள்ளங்கை அளவு அடை வைக்கும் கொம்புத்தேனீ, சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொட்டாத கொசுத்தேனீ என நான்கும் நம் ஊர்க்காரர்கள்தாம். இவை கூட்டமாக வாழ்பவை. கூட்டமில்லாமல் தனியாக வாழும் தேனீக்கள் இன்னும் எத்தனையோ உண்டு. அவற்றைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

கத்தரிப் பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மகரந்தம் பையின் நுனியிலுள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். தேன்கூட்டுத் தேனீக்களுக்கு அதை உதிர்க்கும் வித்தை தெரியாது. கன்னங்கரேலென்று ரீங்காரமிட்டு வரும் தச்சுத்தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னத் தனித்தேனீயும் பூவை இறுகப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தக்காளிக்கும் இந்த அதிர்வு நல்லது. நம் வீடுகளில் ‘கருவண்டு’ என்று துடைப்பத்தால் அடிப்பது இந்தத் தச்சுத்தேனீயைத்தான்.

2. பந்தல் கொடிகளின் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பூசணி விடியலில் பூத்துப் பத்து மணிவாக்கில் மூடிக்கொள்ளும். பாகலும் காலைப் பூ. சுரையும் பீர்க்கும் புடலையும் மாலையில் மலர்பவை. சுரையின் வெள்ளைப் பூவைத் தேடி நீளமான உறிஞ்சுகுழலுள்ள பெரிய அந்துப்பூச்சிகள் இருட்டில் வரும். மாடியில் விடிய விடிய எரியும் வெள்ளை விளக்கு அவற்றைத் திசைமாற்றிவிடும். ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவையுங்கள்.

முதலில் ஆண் பூ மட்டுமே வருவது வழக்கம்; பதற வேண்டாம். பெண் பூவின் அடியில் பிஞ்சு இருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளித்து வெம்பி விழுந்தாலும், காய் ஒருபக்கம் பருத்து மறுபக்கம் சூம்பினாலும், உரத்தைக் குறை சொல்லும் முன் பூவுக்கு யார் வந்து போனார்கள் என்று கேளுங்கள். யாரும் வராத காலத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவிவிடலாம். அதையே நிரந்தர ஏற்பாடாக்கிக் கொள்ளாதீர்கள்.

3. பொறிவண்டின் குஞ்சை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டை எல்லாருக்கும் பிடிக்கும். அதன் இளம்புழு நீண்டு, கறுத்து, ஆரஞ்சுப் புள்ளிகளோடு, ஆறு கால்களில் ஊர்ந்து வரும்போது ‘ஏதோ விஷப்பூச்சி’ என்று நசுக்கிவிடுகிறோம். அசுவினியை நூற்றுக்கணக்கில் தின்பது அந்தப் புழுதான். இலையடியில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் வெள்ளை முட்டை நின்றால், அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதன் புழுவுக்கும் அசுவினிதான் சாப்பாடு.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான். பளபளப்பில்லாமல் மங்கலாக, மெல்லிய மயிரோடு, நிறையப் புள்ளிகளோடு இருக்கும். புழு மஞ்சளாக, முள்முள்ளாக இருக்கும். அதைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

நன்மை செய்யும் பூச்சியின் பலம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பப்பாளி மாவுப்பூச்சியின் கதை. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஏறாத செடியில்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் அடித்த மருந்தெல்லாம் வழிந்து ஓடியது. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெங்களூரில் பெருக்கி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. மருந்து அடிப்பதை நிறுத்திய தோட்டங்களில் அது மாவுப்பூச்சியை அடக்கியது. அடித்துக்கொண்டே இருந்தால் குளவிதான் முதலில் சாகும்.

4. குளவிக் கூட்டைப் பெயர்க்காதீர்கள்.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். உண்மையில் அது புழுவைக் கொட்டி மரக்கச் செய்து, மண்கூட்டுக்குள் அடுக்கி, கூடவே முட்டையிட்டு மூடிவிடுகிறது. பொரிந்து வரும் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. சிலவகைக் குளவிகள் புழுவுக்குப் பதில் சிலந்தியை அடைக்கும். சன்னல் மூலையில் இருக்கும் அந்த மண்கூடு உங்கள் வெண்டைக்கும் தக்காளிக்கும் காவல்.

5. கொஞ்சம் இலையை விட்டுக்கொடுங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது கறிவேப்பிலை அழகியின் புழுவாகவோ எலுமிச்சை அழகியின் புழுவாகவோ இருக்கும். வளர்ந்தால் பச்சையாகிவிடும். செடி ஓராள் உயரம் இருந்தால் நாலைந்து புழுக்களை அது தாங்கும், மறுபடி துளிர்க்கும். சின்னக் கன்று என்றால் புழுவைப் பெரிய செடிக்கோ எலுமிச்சைக்கோ மாற்றிவிடுங்கள். தேன் உள்ள பூவை மட்டும் வைத்துவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று கேட்பது நியாயமில்லை. முட்டையிட இடமில்லாத தோட்டத்துக்கு அது விருந்தாளியாக மட்டுமே வந்து போகும்.

வேலியோரம் எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். இடமிருந்தால் ஈஸ்வரமூலிக் கொடி ஒன்று ஏற்றுங்கள், சிவப்புடல் அழகிக்காக. அந்தக் கொடியைத் தின்று அதன் உடம்பில் நஞ்சு ஏறுவதால் பறவைகள் தொடுவதில்லை. பெண் கறிவேப்பிலை அழகிகளில் சில இதே வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பித்துத் திரிகின்றன! இரண்டும் ஒரே தோட்டத்தில் பறப்பதைப் பார்ப்பதற்காகவே அந்தக் கொடியை வைக்கலாம்.

6. அஞ்சறைப் பெட்டியிலிருந்து விதையுங்கள்.

நர்சரிக்குப் போய்ப் பெரிய பூவாகப் பார்த்து வாங்க வேண்டாம். அடுக்கடுக்காக இதழ் திணித்த ஒட்டுரகங்களில் பூச்சிக்குத் தேனும் மகரந்தமும் கிடைப்பது குறைவு. கொத்தமல்லி, கடுகு, சோம்பு, வெந்தயம் இவற்றை ஒரு தொட்டியில் தூவி, பறிக்காமல் பூக்க விடுங்கள். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு ஆழமான பூ எட்டாது. கொத்தமல்லிப் பூ அளவாக இருக்கும். துளசிக் கதிரை எல்லாம் கிள்ளாமல் பாதியை விடுங்கள். முருங்கை இருந்தால் நீங்கள் புண்ணியவான்கள். தரையில் தானாக முளைக்கும் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் களையல்ல என்று வேலையாளிடம் சொல்லிவையுங்கள்.

மூலையில் நாலு தட்டைப்பயறு ஊன்றுங்கள். அதில் அசுவினி மொய்க்கும், மொய்க்கட்டும். அதைத் தின்னத்தான் பொறிவண்டு வந்து பெருகும். உன்னிச்செடியை மட்டும் வைக்காதீர்கள். வண்ணத்துப்பூச்சி வரும்தான், ஆனால் பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட, நம் காடுகளையே அது அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

7. வீடும் தண்ணீரும் கொடுங்கள்.

தனித்தேனீக்களில் பல மண்ணில் வளை தோண்டுபவை. கொல்லை முழுக்கச் சிமென்ட் பூசாமல், வெயில் படும் மேட்டுநிலமாகக் கொஞ்சம் விடுங்கள். மாடியில் ஒரு சாண் நீளத்துக்கு மூங்கில் துண்டுகளை, ஒருபக்கம் கணு அடைத்திருக்க, பென்சில் நுழையும் துளையோடு கட்டி மழை படாத இடத்தில் படுக்கவையுங்கள். ரோஜா இலையில் கத்தரித்தாற்போல வட்டமான வெட்டு தெரிந்தால் இலைவெட்டித் தேனீ குடிவந்துவிட்டது என்று பொருள். அது இலையைத் தின்பதில்லை. குஞ்சுக்கு அறை கட்டுகிறது. தண்ணீருக்கு அகலமான தட்டு, அதில் தண்ணீருக்கு மேல் தலைகாட்டும் கூழாங்கல். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்து நிரப்புங்கள், இல்லையேல் டெங்குக் கொசு வளரும்.

8. ‘இயற்கை மருந்து’ என்ற பெயரில் ஏமாறாதீர்கள்.

இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசலுக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதம் தெரியாது. வேப்பெண்ணெயும் இளம்புழுக்களைப் பாதிக்கும். தவிர்க்க முடியாவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசலோடு, தேனீக்கள் அடங்கிய பின் அந்தியில், பாதித்த கிளைக்கு மட்டும், பூவில் படாமல். அதற்கும் முன்னால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். பாதி அசுவினி அதிலேயே போய்விடும்.

கடையில் விற்கும் மருந்துகளில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடியின் சாற்றில் ஏறித் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேர்பவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவ்வகையில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடைசெய்தது. செடி வாங்கும்போது என்ன அடித்தீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் விதை போட்டு வளர்ப்பதே மேல்.

9. முதல் வேலையாகத் தேன்பெட்டி வாங்காதீர்கள்.

ஆர்வம் புரிகிறது. ஆனால் ஆண்டு முழுக்கப் பூ இல்லாத இடத்தில் பெட்டியை வைத்தால் கூட்டம் பட்டினியில் ஓடிவிடும். 1991-92-ல் தாய் சேக்புரூட் என்ற நச்சுயிரி தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீப் பெட்டிகளைக் காலி செய்தபோது, வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டத்துக்காரர்களே தவித்துப்போனார்கள். நோய் பார்க்கத் தெரியாமல் அதில் இறங்க வேண்டாம். பூவை முதலில் பெருக்குங்கள்.

10. தானாக வந்து குடியேறியவற்றை இருக்க விடுங்கள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் மலைத்தேனீ அடை கட்டினால் கல்லெறியவோ தீ மூட்டவோ கூடாது. கலைந்த கூட்டம் ஆளைக் கொல்லும். எட்டாத உயரமென்றால் விட்டுவையுங்கள். பூக்காலம் முடிந்ததும் அது தானே கிளம்பிவிடும். குழந்தைகள் நடமாடும் இடமென்றால் தேனெடுக்கப் பழகியவர்களையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

கொசுத்தேனீக்கு அந்தத் தொல்லையும் இல்லை. மீட்டர் பெட்டியிலோ செங்கல் இடுக்கிலோ மெழுகும் பிசினுமாக ஒரு சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அதன் வாசல். வெள்ளையடிக்க ஆள் வரும் அன்று மறக்காமல் கூட நின்று, அந்த வாசலை விட்டுவிட்டுச் சுற்றிலும் அடிக்கச் சொல்லுங்கள்.